போகாமல் கிடந்த அஞ்சல்கள்

சுதர்சினி போன கிழமை தொலைபேசி எடுத்து, கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டாள். நான் ஓய்வெடுத்த பிறகு கடையைப் பார்ப்பது அவள்தான் என்பது உங்களுக்குத் தெரியும். எதை எழுத என்று கேட்டேன். "ரீச்சரின்ரை விசயத்தை எழுதுங்கோ அண்ணை. என்ரை பேரையும் போட்டே எழுதுங்கோ" என்றாள். அவளுக்கு அந்தத் துணிவு இருக்கிறது. எனக்கு அது இல்லை.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலிச் சந்தியைச் சுற்றிக் கணினி திருத்துகிற ஆட்களுக்குள் என்னைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி இருந்ததில்லை. வானம் இருட்டினால் எல்லா வயரையும் கழற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பேன். ஆய்வுக் கட்டுரை முடிக்கிற நேரத்தில் கணினி செத்துப்போய் வருகிற பல்கலைக்கழக வளாகத்துப் பிள்ளைகளைவிட எனக்குத்தான் அதிகம் வியர்க்கும். எதையும் திறக்க முதல், இதால் என்ன செய்கிறீர்கள், இதற்குள் என்ன இருக்கிறது என்று நோண்டி நோண்டிக் கேட்பேன். மருந்து எழுத முதல் சாதகம் கேட்கிற வைத்தியர் என்று பக்கத்துக் கடைக்காரர் நக்கலடிப்பார். அடிக்கட்டும். மற்றவர்களின் பொருளில் கை வைக்கிறவனுக்கு அந்த அளவு பயம் இருக்கத்தான் வேண்டும் என்பது என் எண்ணம்.

இனி, பழைய காலத்து மின்னஞ்சலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கையில் போனை வைத்துக்கொண்டு பிறந்த உங்களுக்கு இது விளங்காது. வடக்கில் யுத்தம் நடந்த சண்டைக் காலத்தில் இங்கே இணையம் தொலைபேசி லைன் வழியாகத்தான் வரும். வீட்டில் லைன் உள்ளவர்கள் அரிது. அதனால் ஆட்கள் வீட்டிலிருந்து ஆறுதலாகக் கடிதம் எழுதுவார்கள். எழுதி முடித்து 'சென்ட்' பொத்தானை அமத்தினால் கடிதம் போகாது. அஞ்சல் மென்பொருளில் அவுட்பொக்ஸ் என்று ஒரு பெட்டி இருக்கும், அதற்குள் போய்க் கிடக்கும். பிறகு யாராவது மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கொமினிக்கேசனுக்குப் போவார்கள். தொலைபேசியும் இணையமும் வாடகைக்குத் தருகிற கடைகளை அப்படித்தான் சொல்வோம். அங்கே வயரைக் குத்தினால் பெட்டியில் கிடந்த எல்லாம் ஒரேயடியாகப் புறப்படும். எழுதுவது ஒருவர் வேலை, கொண்டுபோய் அனுப்புவது இன்னொருவர் வேலை. அனேகமாகத் தாய் எழுதுவாள், மகன் கொண்டுபோவான்.

ரீச்சர் எங்கள் கடைக்கு வந்தது போன வருடத்துக்கு முந்தின வருடம், மாரி மழை ஓய்ந்த பிறகு. உடுவிலில் இருக்கிறார், ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை. பஸ்ஸால் இறங்கி, துவாயில் சுற்றிய மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்தபடி நடந்து வந்தார். துவாயை விரித்தபோது எனக்கே ஆச்சரியமாகப் போய்விட்டது. விண்டோஸ் தொண்ணூற்றெட்டு ஓடுகிற காலத்துச் சாமான். வெளிநாட்டில் இருந்த தமக்கை தான் பாவித்த பழசை மகனின் படிப்புக்காக அனுப்பியதாம். பற்றரி செத்து எத்தனையோ வருடம். சார்ஜர் குத்துகிற ஓட்டையும் ஆடத் தொடங்கிவிட்டது. ஒரு கையால் வயரைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் தட்டச்சுச் செய்வதாகச் சொன்னார். அதை மட்டும் இறுக்கித் தந்தால் போதுமாம்.

என் வழக்கப்படி, இதால் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "எழுதுறனான்" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் நான் நோண்டவில்லை. ரீச்சரின் கதை எனக்குத் தெரியும். வளாகத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரே மகன் ஒரு நாள் பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனவன். அவனும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை. தேடாத இடமில்லை, ஏறாத படியில்லை. அந்த வீட்டில் இன்றுவரை அவனுடைய படத்துக்கு மாலை போடவில்லை, செத்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டிச் சடங்கும் செய்யவில்லை. செய்து முடித்துவிடு என்று கொடிகாமத்தில் இருக்கும் அவருடைய தமையன் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனார்.

ஈயம் உருக்கி ஒட்டுகிற வேலையில் சுதர்சினியின் கை என் கையைவிடச் சுத்தம். அவளிடம் கொடுத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனேன். ரீச்சரின் மகனைப் பற்றி அவளிடம் சொல்லத் தோன்றவில்லை. ஒரு ஓட்டையை இறுக்குகிற வேலைக்கு அது எதற்கு என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அவள் வேலையைக் கெதியாகவே முடித்துவிட்டாள். சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கணினியைப் போட்டபோது அஞ்சல் மென்பொருள் தானாகத் திறந்திருக்கிறது. அவுட்பொக்ஸ் நிறையப் போகாத அஞ்சல்கள், நூற்றுக்கணக்கில். எல்லாம் ஒரே விலாசத்துக்கு. தலைப்புகளை அவளால் வாசிக்க முடியவில்லை. ரீச்சர் பாமினி எழுத்துருவில் எழுதியிருந்தார். அந்த எழுத்துரு சரியாக அமையாத இடத்தில் அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத்தான் தெரியும். வெளிநாட்டில் உள்ள சொந்தக்காரர் ஒருவருக்கு எழுதிப் போட்டுவிட்டு, பதில் வரவில்லை என்று மனிசி வருடக்கணக்காகக் காத்திருக்கிறாராக்கும் என்று சுதர்சினி நினைத்திருக்கிறாள். அவளுக்கு மனம் கேட்கவில்லை.

அவ்வளவு பழைய மென்பொருள் இன்றைய அஞ்சல் சேவைகளோடு கதைக்காது. ரீச்சரின் பழைய கணக்கும் எப்போதோ மூடியாகிவிட்டது. சுதர்சினி தன் கணினியை நடுவில் தரகராக வைத்து, எங்கள் கடையின் அஞ்சல் கணக்கு வழியாக அவை வெளியே போக வழி செய்துவிட்டாள். அதை எப்படிச் செய்தாள் என்பதை அவளிடமே கேளுங்கள். என்னால் அதைச் செய்திருக்க முடியாது.

நான் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது, "அண்ணை, குப்பை மாதிரித் தெரியுது, ஆனா போகுது" என்று அவள் சந்தோசமாகச் சொன்னாள். அவளுடைய திரையில் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. பாமினியில் ஆயிரக்கணக்கான பக்கம் தட்டச்சுச் செய்த கண் என்னுடையது. எழுத்துரு இல்லாமலே அந்தக் குப்பையை என்னால் வாசிக்க முடியும். அன்றைக்கு அந்தத் திறமை எனக்கு இல்லாமல் இருந்திருக்கலாம்.

தம்பி, மழை வரப்பார்க்குது, வாசலிலை கிடந்த உன்ரை சப்பாத்தை உள்ளுக்கு எடுத்து வைச்சனான். அது ஒரு தலைப்பு. தம்பி, இண்டைக்கும் தேடிப் போனனாங்கள். அது அடுத்தது.

காணாமல் போன மகனைத்தான் ரீச்சர் தம்பி என்று கூப்பிடுவார். அவனுடைய விலாசம் எத்தனையோ வருடம் யாரும் திறக்காத இலவசக் கணக்கு. அப்படிப்பட்ட கணக்குகளை மூடிவிடுவார்கள். மூடிய கணக்குக்குப் போகிற அஞ்சல், இந்த விலாசத்தில் இப்படி ஒருவர் இல்லை என்ற குறிப்போடு திரும்பி வரும். எங்களுக்கு அது தினமும் காணுகிற ஒரு வரி. அந்த வரி அந்தத் தாய்க்கு வந்தால் என்ன ஆகும் என்று நினைத்ததில், நிறுத்து என்று சொல்லவே மறந்துவிட்டேன்.

என் முகத்தைப் பார்த்துச் சுதர்சினி ஏதோ பிழை என்று விளங்கிக்கொண்டாள். அவளுடைய கை சார்ஜர் வயருக்குப் போனது. அவசரத்தில் எல்லாருடைய கையும் அங்கேதான் போகும். பற்றரி இல்லாத கணினி, வயரை இழுத்தால் அந்த நொடியே செத்துவிடும். ஆனால் மென்பொருள் அப்போது ஒவ்வொரு அஞ்சலையும் ஒரு பெட்டியிலிருந்து எடுத்து மற்றப் பெட்டிக்குள் எழுதிக்கொண்டிருந்தது. எழுதும்போது கரண்டைப் பறித்தால் பெட்டியே பழுதாகலாம். போனவை போக, மிச்சம் எல்லாமும் அழிந்துவிடலாம். "அதிலை கை வையாதை!" என்று கத்திக்கொண்டு பாய்ந்து, இணைய வயரைப் பிடுங்கினேன். அந்தக் கடையில் நான் சத்தம் போட்டது அந்த ஒரு முறைதான். திரையில் ஒரு பிழைச் செய்தி வந்து எல்லாம் நின்றது.

இதில் நீங்கள் தொழிலுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது சின்ன விசயம்தான். வெளியே போவதை நிறுத்த வேண்டுமென்றால் வழியை அடைத்துவிடுங்கள், உயிரை எடுக்காதீர்கள். பதறும்போது இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

முதலில் எழுதியவை கொஞ்சம் போய்விட்டன. மிச்சம் அப்படியே கிடந்தன. அது யாருடைய விலாசம், அவனுக்கு என்ன நடந்தது என்று அவளுக்குச் சொன்னேன். சுதர்சினி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "நல்லதெண்டுதானே அண்ணை செய்தனான்" என்றாள். ஓம், நல்லதென்றுதான் செய்தாள். கெட்டது செய்ய நினைத்து யாரும் எங்கள் மேசைக்கு வருவதில்லை. கேட்காத உதவியைச் செய்கிற நல்ல மனசுக்குத்தான் நான் இந்தத் தொழிலில் அதிகம் பயப்படுகிறேன்.

அதற்குப் பிறகு காத்திருக்கத் தொடங்கினோம். எங்கள் கணக்கு வழியாகப் போனதால், திரும்பி வருவதானால் எங்கள் கடைப் பெட்டிக்குத்தான் வரும். ஏதாவது வந்து விழுந்த சத்தம் கேட்கும்போதெல்லாம் இருவரும் வேலையை விட்டுவிட்டுப் போய்ப் பார்ப்போம். பார்த்தால் மை விற்கிறவனின் விளம்பரமாக இருக்கும், அல்லது தன்னுடைய கணினி முடிந்துவிட்டதா என்று ஒரு மாணவன் கேட்டிருப்பான். திரும்பி வந்தால் அழித்துவிடுவோம், ரீச்சருக்குத் தெரியத் தேவையில்லை என்று சுதர்சினி மெல்லச் சொல்லிப் பார்த்தாள். எனக்கும் அந்த ஆசை வந்தது. அழித்தால் உலகத்தில் யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது என்பதுதான் என்னை மிரட்டியது. அந்தத் தாய்க்கு வருகிற செய்தியைக் கொல்ல நான் யார்? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்கும் ஒன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. சுதர்சினிக்கு மூச்சு வந்தது. எனக்கு அப்போதுதான் பயம் கூடியது. திரும்பி வரவில்லை என்றால் எங்கோ போய்ச் சேர்ந்திருக்கிறது. சில சேவைகள் வருவதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். சில வேளை அந்தக் கணக்கு மூடப்படாமல் பூட்டின வீடு போலக் கிடக்கலாம். அதே விலாசம் யாரோ முன்பின் தெரியாத ஒருவனுக்குப் போயிருக்கவும் கூடும். இதில் எதையும் எங்களால் அறிய முடியாது. அந்த அறியாமையை இனி ரீச்சரின் மடியில் போட வேண்டும்.

ரீச்சர் வந்தார். கதிரையில் இருத்தி, நான் எதிரே நின்றுகொண்டேன். "ரீச்சர், உங்களைக் கேக்காமல் ஒரு வேலை செய்திட்டம்" என்று தொடங்கி, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். சுதர்சினி என் பின்னால் நின்றாள்.

"போகாத கடிதமெண்டு தெரியாமல் நான் எழுதிக்கொண்டிருக்கிறனெண்டு நினைச்சிட்டியள்" என்றார் ரீச்சர். "எனக்குத் தெரியும். போகாது எண்டபடியாத்தான் எழுதினனான்."

பிறகு அவராகவே சொன்னார். முந்தி அவர் தமக்கைக்கு எழுதி அமத்திவிட்டு வைப்பாராம். மகன் வளாகத்துக்குப் போகிற வழியில் மடிக்கணினியைக் கொமினிக்கேசனுக்குக் கொண்டுபோவானாம். வீட்டில் அதுதான் பழக்கம். பெட்டியில் கடிதம் கிடக்கிறது என்றால், கொண்டுபோகிறவன் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். அவ்வளவுதான். பெட்டி நிறைந்து கிடக்கும் வரைக்கும் அவன் வர வேண்டியவனாகவே இருந்தான்.

"திரும்பி ஏதும் வந்ததோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். சும்மா விட்டிருக்கலாம். ஆனால் அந்த 'இல்லை'யைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்விடுவாரோ என்று பயந்தேன். ஆகவே விழுங்குகிற சேவைகளைப் பற்றியும், பூட்டின கணக்கைப் பற்றியும், முன்பின் தெரியாத மனிதனைப் பற்றியும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. ரீச்சர் கவனமாகக் கேட்டார்.

"அப்ப ரெண்டு பக்கமும் நிறுவ ஏலாது எண்டுறியள்."

"ஓம் ரீச்சர்."

சுதர்சினி முன்னுக்கு வந்து மன்னிப்புக் கேட்டாள். ரீச்சர் அவளை ஏசவுமில்லை, ஆறுதல் சொல்லவுமில்லை. துவாயை விரித்துக் கணினியைச் சுற்றத் தொடங்கினார். இத்துடன் போய்விடுவார் என்று நினைத்தேன். பாதியில் நிறுத்திவிட்டு, கடைசியாய்ப் போன கடிதம் எது, பார்க்கலாமா என்று கேட்டார்.

ரீச்சரின் கணினிக்குக் குத்தியிருந்த இணைய வயரை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் கணினியைப் போட்டேன். ரீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசியாகப் போனதைத் திறந்து வாசித்தார். அதுவரைக்கும் நேராக இருந்த அந்த மனிசியின் முகம் அப்போதுதான் கலங்கியது.

"அப்பாவை ஆஸ்பத்திரியிலை விட்டிருக்கு எண்டதோடை நிண்டுபோச்சு" என்றார். "எங்கையாவது இருந்து வாசிக்கிறானெண்டால், பிள்ளை யோசிச்சுக்கொண்டெல்லோ இருப்பான்."

அடுத்ததையும் அனுப்பிவிடுங்கோ என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்டால் என்ன செய்வது என்று என் மூளை ஓடியது. வயரைக் குத்தினால் மிச்சம் முழுவதும் கிளம்பும். ஒன்றோடு நிறுத்துவேன் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். மற்றவற்றை வேறு பெட்டிக்கு மாற்றலாம்தான், ஆனால் அந்தக் கிழட்டு வன்வட்டு இரண்டு நாளாகக் கறகறவென்று சத்தம் போடுகிறது. மாற்றும்போது அது நின்றுவிட்டால் எல்லாம் போச்சு. இந்தக் கணினியில் இனி ஒரு கையும் வைக்கக் கூடாது என்று முடிவெடுத்தேன். எழுத வேண்டியதை எங்கள் கணினியில் புதிதாக எழுதுங்கள் என்று ரீச்சரிடம் சொன்னேன். என்னுடைய கதிரையில் இருத்தி, பாமினியைப் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த கடிதத்தில் என்ன இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ரீச்சரின் கணவர் அந்த முறை ஆஸ்பத்திரியால் திரும்பி வரவில்லை. செத்தவீட்டுக்கு நானும் போயிருந்தேன். கொள்ளி வைக்க வேண்டிய பிள்ளை இல்லாமல், கொடிகாமத்துத் தமையன் மகன்தான் அதைச் செய்தான். இதை ஒரு தாய் எப்படி எழுதப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு, திரையைப் பார்க்காமல் றோட்டைப் பார்த்தபடி நின்றேன்.

கொஞ்சம்தான் எழுதினார். எழுதியது சரியாக இருக்கிறதா என்று, பள்ளிக்கூடப் பழக்கம் போலிருக்கிறது, மெல்ல வாய்விட்டு வாசித்தார். "தம்பி, அப்பா சுகமாகி வீட்டை வந்திட்டார். நீ ஒண்டுக்கும் யோசிக்காதை."

சுதர்சினி என்னைப் பார்த்தாள். ரீச்சர் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இது போகும், என்ன?"

"ஓம் ரீச்சர். இது போகும்."

எத்தனையோ வருடமாகப் போகாத கடிதத்துக்குப் பொத்தானை அமத்திப் பழகிய விரல் அது. அமத்தினார்.

அந்த அஞ்சலும் இன்றுவரை திரும்பி வரவில்லை. பதிலும் வரவில்லை. கடையின் அஞ்சல் கணக்கை மாற்றியாகிவிட்டதே, பழைய கணக்கை இன்னும் ஏன் வைத்திருக்கிறோம், மூடிவிடலாமே என்று உங்களில் ஒருவர் போன கிழமை கேட்டாராம். சுதர்சினி எனக்குத் தொலைபேசி எடுத்தது அதற்குப் பிறகுதான். அந்தக் கணக்கை மூட வேண்டாம். நாளுக்கு ஒருதரமாவது யாராவது திறந்து பாருங்கள். அதில் என்றைக்காவது ஏதாவது வந்து கிடந்தால், வாசிக்க வேண்டாம். உடுவிலுக்குப் போய் ரீச்சரிடம் சொல்லுங்கள். தனியே போகப் பயமாக இருந்தால் என்னையும் கூப்பிடுங்கள், வாறன்.